கைதட்ட மறுத்தவர்கள்

ஒரு நூலைப் பற்றி உலகம் உரக்கப் பேசத் தொடங்கிவிட்டால், பின்னர் அதனைக் கையில் எடுப்பவன் நூலை மட்டும் படிப்பதில்லை. அதற்கு முன்னே வந்து நிற்கும் புகழுரைகளையும் சேர்த்தே படிக்கிறான். புகழுரை என்பது ஒருவகைக் கடன்பத்திரம். அதில் எழுதிய தொகையை நூல் தீர்க்கின்றதா என்று கணக்குப் பார்ப்பதைப் பொறாமை என்றோ, குற்றம் காணும் குணம் என்றோ தள்ளிவிடுவது முறையாகாது. மிகுதியாக விற்ற நூல் தரம் குறைந்ததாகத்தான் இருக்கும் என்று முகம் சுளிப்பவரும் உளர். இத்தனை பேர் வாங்கிய நூலில் குறை எங்ஙனம் இருக்கும் என்று வியப்பவரும் உளர். இவ்விரு சாராரும் நூலைத் திறவாமலே தீர்ப்பு வழங்குகின்றனர். நாம் திறந்து பார்த்தே பேசுவோம்.

அமெரிக்க எழுத்தாளர் சுசேன் காலின்ஸ் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தி ஹங்கர் கேம்ஸ்’ என்னும் புதினமே ஈண்டு நாம் எடுத்துக்கொண்டது. பசி விளையாட்டுகள் என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். 2009இலும் 2010இலும் வந்த இரண்டு தொடர்ச்சிகளோடு அது ஒரு முத்தொகுதியாயிற்று. 2012இல் திரைப்படமாயிற்று. 2020இலும் 2025இலும் முற்கதைகள் இரண்டு வெளிவந்தன. தொடர் முழுவதுமாகப் பத்துக் கோடிப் படிகளுக்கு மேல் விற்றிருக்கின்றது. இன்றைய உலகின் கேடுகளை நீட்டி, நாளை வரக்கூடிய ஒரு கொடிய சமுதாயத்தைக் கற்பித்துக் காட்டும் கதைகளைக் கேட்டுலகக் கதைகள் எனலாம். இளையோருக்கென எழுதப்பட்ட கேட்டுலகக் கதைகளுள் இந்நூலைப் போல் பெயர் பெற்றது வேறொன்றைக் காண்பது அரிது. நம் இடைநிலைப் பள்ளி மாணவர் பலரும் இதனை ஆங்கிலத்தில் படித்திருக்கின்றனர். படிக்காதவர் படத்தையேனும் பார்த்திருக்கின்றனர்.

இந்நூலைப் பரிந்துரைப்போர் சொல்வது யாது? இது வெறும் வீரதீரக் கதையன்று. ஓர் அறக்கேள்வியை இளைஞரின் நெஞ்சில் நடும் நூல் என்பதே. தான் உயிர் பிழைப்பதற்காகத் தனக்கு யாதொரு தீங்கும் செய்யாத பிறிதோர் உயிரைப் போக்கலாமா என்பது அக்கேள்வி. எளிய கேள்வியன்று இது. மெய்யியலாளர் பலர் தடுமாறிய இடம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கையில் இக்கேள்வியைக் கொடுக்கும் நூல் அதனை நேர்மையோடு கொடுக்கிறதா என்பதே நம் ஆராய்ச்சி.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுதல் நலம். வட அமெரிக்கா அழிந்த பின் எழுந்த நாடு பனெம். நடுவே செல்வம் கொழிக்கும் தலைநகர் கேப்பிட்டல். அதனைச் சுற்றி அதற்கு உழைத்துக் கொட்டும் பன்னிரண்டு வட்டாரங்கள். முன்னொரு காலத்தில் வட்டாரங்கள் கிளர்ந்தெழுந்து தோற்றன. அதற்குத் தண்டமாக ஆண்டுதோறும் ஒவ்வொரு வட்டாரமும் 12 முதல் 18 வயதுக்குட்பட்ட ஓர் ஆண்பிள்ளையையும் ஒரு பெண்பிள்ளையையும் குலுக்கல் முறையில் அனுப்ப வேண்டும். அவ்வாறு வரும் 24 பேரும் ஓர் அரங்கில் விடப்பட்டு, ஒருவர் எஞ்சும்வரை ஒருவரையொருவர் கொல்ல வேண்டும். நாடு முழுவதும் அதனைத் தொலைக்காட்சியில் பார்த்தே ஆகவேண்டும். அப்பிள்ளைகளுக்கு ஆசிரியர் இட்ட ஆங்கிலப் பெயர், தோற்ற நாடு வென்ற அரசுக்குச் செலுத்தும் திறையைக் குறிக்கும் சொல். நாமும் அவர்களைத் திறைப்பிள்ளைகள் என்றே அழைப்போம். 74ஆவது விளையாட்டுக்குப் பன்னிரண்டாம் வட்டாரத்தில் பிரிம் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுமியின் பெயர் விழுகின்றது. அவளுடைய அக்காள், பதினாறு வயதுக் காட்னிஸ், தங்கைக்குப் பதிலாகத் தானே முன்வருகின்றாள்.

இக்கதை எங்கிருந்து பிறந்தது என்பதை ஆசிரியரே சொல்லியிருக்கிறார். ஏதென்ஸ் நகரம் தன் இளைஞர் எழுவரையும் கன்னியர் எழுவரையும் கிரீட்டுத் தீவின் அரக்கனுக்கு இரையாக அனுப்பிய கிரேக்கப் பழங்கதை ஒரு வித்து. ஓரிரவு தொலைக்காட்சியில், ஓர் அலைவரிசையில் இளைஞர்கள் பரிசுக்காகப் போட்டியிடுவதையும் மற்றோர் அலைவரிசையில் ஈராக்குப் போரில் இளைஞர்கள் சாவதையும் மாறிமாறிப் பார்த்தபொழுது, இரண்டும் ஒன்றோடொன்று கலங்கித் தெரிந்தது மற்றொரு வித்து. அவருடைய தந்தையார் அமெரிக்க வான்படை அதிகாரி. வியட்நாம் போருக்குச் சென்றவர். ஆகவே போரைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேச வேண்டும் என்னும் கவலை அவருக்கு வீட்டிலேயே வந்தது எனலாம். பனெம் என்னும் பெயர் உரோமைப் புலவர் சுவெனல் தம் நாட்டு மக்களைப் பழித்துச் சொன்ன சொற்றொடரிலிருந்து எடுத்தது. அப்பமும் வேடிக்கையும் கிடைத்தால் போதும் என்று குடியுரிமையை விற்றுவிட்ட மக்களை அவர் பழித்தார். பனெம் என்றால் அப்பம்.

ஜப்பானியர் கவுஷுன் தகாமி 1999இல் எழுதிய ‘பேட்டில் ராயல்’ என்னும் புதினத்திலும் பள்ளி மாணவர்கள் அரசின் ஆணையால் ஒருவரையொருவர் கொல்கின்றனர். அதனை இது தழுவியது என்று ஒரு பூசல் எழுந்தது. தம் நூலை எழுதி முடிக்கும்வரை அதனைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை என்று காலின்ஸ் மறுத்துவிட்டார். கரு யாருக்குச் சொந்தம் என்னும் வழக்கில் எனக்கு ஆர்வமில்லை. கருவைக் கொண்டு என்ன செய்தார் என்பதே கேள்வி.

முதலில் நூலின் சிறப்பைச் சொல்லிவிடுகிறேன். பலர் அரங்கத்துச் சண்டைகளைப் பாராட்டுவர். எனக்கோ அரங்கத்துக்கு முந்திய பக்கங்களே பெரியனவாகத் தோன்றுகின்றன. குறிப்பாகக் குலுக்கல் சீட்டின் கணக்கு. பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளையின் பெயர் குடத்தில் ஒரு முறை விழும். பதின்மூன்றில் இரு முறை. இவ்வாறு கூடிப் பதினெட்டில் ஏழு முறை. இது எல்லோருக்கும் பொது. ஆனால் வீட்டில் பசி என்றால் ஒரு வழி உண்டு. தன் பெயரை இன்னொரு முறை எழுதிப் போட இசைந்தால் ஓராளுக்கு ஓராண்டுக்கான கொஞ்சம் தானியமும் எண்ணெயும் அரசு கொடுக்கும். குடும்பத்தில் எத்தனை பேரோ அத்தனை முறை எழுதலாம். எழுதிய சீட்டுகள் அடுத்த ஆண்டில் அழிவதில்லை. மேன்மேலும் சேர்ந்துகொண்டே போகும். தாய்க்கும் தங்கைக்கும் தனக்குமாக ஆண்டுக்கு மூன்று எழுதிய காட்னிசின் பெயர் பதினாறு வயதில் இருபது சீட்டுகளில் இருக்கிறது. ஐவர் கொண்ட குடும்பத்தைக் காக்கும் அவள் நண்பன் கேலின் பெயர் பதினெட்டு வயதில் நாற்பத்திரண்டில். ஊர்த்தலைவரின் மகளுக்கோ வயதுக்குரிய சீட்டுகள் மட்டுமே.

குலுக்கல் நேர்மையானது, கண்ணில்லாதது, எவரையும் தேர்ந்தெடுப்பதில்லை. ஆயினும் குடத்திற்குள் கையை விட்டால் ஏழை வீட்டுப் பிள்ளையின் பெயரே கையில் ஏறும். சட்டத்தின் முன் யாவரும் சமம் என்னும் அரசுகள் எங்ஙனம் சமமின்மையைச் சட்டத்திற்குள்ளேயே வைத்துத் தைக்கின்றன என்பதை இவ்வளவு எளிய கணக்கில் விளக்கிய பாடநூல் ஒன்றும் நான் அறியேன். அதனினும் நுட்பம் ஒன்றுண்டு. சீட்டு எழுதுபவர், எழுதத் தேவையில்லாதவரை வெறுக்கின்றனர். வெறுப்பு தலைநகரை நோக்கிச் செல்லாமல் தெருவின் மறுகோடியோடு நின்றுவிடுகிறது. இதுவே ஆள்வோரின் விருப்பம் என்று கேல் கண்டுகொள்கிறான். கண்டுகொண்ட பின்னும் ஊர்த்தலைவரின் மகளிடம் சீறுகிறான். மனித இயல்பைக் கூர்ந்து கண்ட எழுத்து இது.

இனி அரங்கத்திற்குள் நுழைவோம். நூல் வாங்கிய கடனைத் தீர்க்க வேண்டிய இடம் இதுதான்.

அரங்கத்தின் சட்டம் தெளிவு: ஒருவரே வெளியேறலாம். அச்சட்டத்தை ஆசிரியர் உண்மையாகவே எடுத்துக்கொண்டால், வெறுக்கக் காரணமில்லாத ஒருவரை எதிரில் வைத்துக்கொண்டு காட்னிஸ் வில்லை வளைப்பதா தாழ்த்துவதா என்று நிற்க வேண்டிய கணம் வந்தே தீரும். அக்கணத்துக்காகவே ரூ என்னும் சிறுமி படைக்கப்பட்டிருக்கிறாள் என்று படிப்பவர் நினைப்பர். அவளுக்கும் வயது பன்னிரண்டு. தங்கை பிரிமின் வயது. இருவரும் உணவைப் பகிர்ந்துகொள்கின்றனர். ஒருவர் புண்ணுக்கு ஒருவர் மருந்திடுகின்றனர். அக்காளும் தங்கையும் ஆகிவிடுகின்றனர். மற்றவரெல்லாம் மடிந்து இவ்விருவரும் எஞ்சினால்? அந்த எண்ணம் காட்னிசின் மனத்தின் ஓரத்தில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. விடை வேண்டியதில்லாமல் போய்விடுகிறது. முதல் வட்டாரத்து இளைஞன் ஒருவன் வேலெறிந்து ரூவைக் கொன்றுவிடுகிறான்.

ரூ இறந்த காட்சி உருக்கமானது. காட்னிஸ் அவள் உடலை மலர்களால் மூடுகிறாள். ரூவின் வட்டாரத்து ஏழைகள் தங்கள் உணவைச் சுருக்கிச் சேர்த்த காசில் காட்னிசுக்கு ஓர் அப்பம் அனுப்புகின்றனர். கண் கலங்காமல் படிக்க இயலாது. ஆனால் கண்ணீரைத் துடைத்துக்கொண்ட பின் ஒன்றைக் கேட்டாக வேண்டும். அந்த வேல் யாரைக் காப்பாற்றியது? காட்னிசைக் காப்பாற்றியது, அவள் உயிரையன்று, அவள் கைகளின் தூய்மையை. செய்ய வேண்டியிருந்திருக்கக் கூடிய செயலை மற்றொருவன் செய்து முடித்துவிட்டான்.

ஒரு முறை நிகழ்ந்தால் அது கதைப்போக்கு. நான்கு முறை நிகழ்ந்தால்? தெரெஷ் என்னும் வலிய இளைஞன், ரூவின் மீது காட்னிஸ் காட்டிய அன்புக்காக அவளைக் கொல்லாமல் விடுகிறான். அவனை அவள் பிற்பாடு எதிர்கொள்ள நேருமே என்று நாம் அஞ்சியிருக்க, கதையின் திரைக்குப் பின்னே வேறொருவன் கையால் அவன் இறந்துபோகிறான். எவரையும் தாக்காமல் அறிவினாலேயே பிழைத்து வந்த நரிமுகப் பெண் ஒருத்தி இருக்கிறாள். நச்சுப் பழம் என்று அறியாமல் பீட்டா பறித்து வைத்ததைத் திருடித் தின்று அவள் மாள்கிறாள். பீட்டாவோ காட்னிசின் சொந்த வட்டாரத்தவன். முன்னொரு நாள் அவளுடைய பசிக்கு அப்பம் எறிந்தவன். ஒரே வட்டாரத்து இருவர் சேர்ந்து வெல்லலாம் என்று ஆட்டத்தின் விதியே நடுவில் மாற்றப்படுகிறது. பின்னர் அவ்விதி திரும்பப் பெறப்பட்டாலும், இருவரும் நச்சுப் பழம் உண்டு சாவோம் என்னும் மிரட்டலால் இருவரும் பிழைக்கின்றனர். நான்கு முறை அறத்தின் கதவு திறந்தது. நான்கு முறையும் ஆசிரியர் ஓடிவந்து சாத்திவிட்டார்.

காட்னிசின் கையால் இறந்தவர் இல்லையா எனின், உண்டு. மரத்தின் கீழ் அவளைக் கொல்லக் காத்திருந்த கூட்டத்தின்மேல் நச்சுக் குளவிக் கூட்டை அறுத்துத் தள்ளுகிறாள். இரு பெண்கள் சாகின்றனர். தற்காப்பு. ரூவைக் கொன்றவனை அம்பெய்து வீழ்த்துகிறாள். நியாயமான சினம். இறுதிப் பகைவன் கேட்டோவை விலங்குகள் இரவெல்லாம் குதறிக்கொண்டிருக்க, அவன் துன்பத்தை முடிக்க அம்பெய்கிறாள். இரக்கம். ஒவ்வொரு கொலையோடும் ஒரு நற்சான்றிதழ் இணைத்து அனுப்பப்படுகிறது. செல்வ வட்டாரங்களிலிருந்து வந்தவர்கள் சிறு வயது முதலே இவ்வாட்டத்துக்குப் பயிற்றப்பட்டவர்கள்; கொடியவர்கள்; ஆகையால் அவர்கள் சாவில் நமக்கு வருத்தமில்லை. அவர்களும் பதினெட்டு வயதைத் தாண்டாத பிள்ளைகளே என்பதையும், அவர்களை அப்படி வளர்த்ததும் அதே தலைநகரம்தான் என்பதையும் நூல் நம்மை மறக்கச் செய்கிறது.

ஓரிடத்தில் மட்டும் நூல் நிமிர்கிறது. ரூவைக் கொன்றவனைத் தான் கொன்றதை எண்ணும் காட்னிஸ், அவன் பெயர்கூடத் தனக்குத் தெரியாது என்பதை உணர்கிறாள். எங்கோ அவன் வீட்டில் அழுதுகொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறாள். அந்தச் சில வரிகளில் புதினம் தன் உண்மையான உயரத்தைத் தொடுகிறது. அடுத்த கணமே ரூவின் உடல் நினைவுக்கு வர, அந்த எண்ணத்தை அவள் விரட்டிவிடுகிறாள். நூலும் விரட்டிவிடுகிறது.

ஒப்பிட்டுப் பார்க்க வில்லியம் கோல்டிங் 1954இல் எழுதிய ‘லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்’ இருக்கிறது. அதிலும் சிறுவர்கள், அதிலும் கொலை. தீவில் சிக்கிய சிறுவர்கள் ஒரு புயலிரவில் வெறிகொண்டு ஆடிச் சைமன் என்னும் நல்லவனை அடித்துக் கொன்றுவிடுகின்றனர். அந்த வட்டத்துக்குள் கொடியவர் மட்டும் நிற்கவில்லை. நாம் நம்பிய ரால்ஃபும், நாம் இரங்கிய பிக்கியும் அங்கே நின்றனர். மறுநாள் காலையில் பிக்கி அதனை விபத்து என்று சொல்லிப் பார்க்கிறான். படிப்பவனுக்குத் தப்பிச் செல்ல வழி இல்லை. தான் யார் பக்கம் நின்றானோ அவர்களும் கறைபட்டுவிட்டார்கள். கோல்டிங் எவருக்கும் நற்சான்றிதழ் தரவில்லை.

இதற்கு மறுமொழி ஒன்று வரும். காலின்சின் வாசகர் இளையவர். அவர்கள் பின்பற்றி நடக்க ஒரு நாயகி வேண்டும். குற்றமற்ற சிறுமியைக் கொல்லும் நாயகியை அவர்கள் முன் நிறுத்தலாகுமா? இவ்வாதத்தை நான் எளிதாகத் தள்ளவில்லை. அமெரிக்க நூலகச் சங்கம் ஆண்டுதோறும் வெளியிடும், மிகுந்த எதிர்ப்புக்குள்ளான பத்து நூல்களின் பட்டியலில் இத்தொடர் 2010, 2011, 2013 ஆகிய ஆண்டுகளில் இடம்பெற்றது. எதிர்த்தோர் சொன்ன காரணங்களுள் வன்முறையும் ஒன்று. அவர்கள் கவலை பெற்றோருக்குரிய கவலை. ஆனால் அவர்கள் தவறான இடத்தில் கை வைத்தார்கள் என்பது என் கருத்து. நூலில் குருதி இருப்பதனால் தீங்கில்லை. அக்குருதி நாயகியின் கையில் ஒட்டாமல் வழிந்து போய்விடுவதே தீங்கு. நல்லவர்கள் கொல்லும்பொழுது அது எப்பொழுதும் தற்காப்பாகவோ நியாயமாகவோ இரக்கமாகவோ அமைந்துவிடும் என்று நம்பி வளரும் இளைஞன், பின்னொரு நாள் தன் கையில் துப்பாக்கியைக் கொடுக்கும் எந்த அரசின் சொல்லையும் நம்பிவிடுவான். போரைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேச விரும்பிய ஆசிரியர், போரைப் பற்றிய மிகப் பழைய பொய்யை முதல் தொகுதியில் உடைக்காமல் விட்டுவிட்டார். நாயகி கொல்ல வேண்டும் என்பதன்று என் வேண்டுகோள். அக்கேள்வி அவள் முன் வந்து நிற்க வேண்டும். அவள் மறுத்துச் சாகத் துணிந்தாலும் அது விடைதான். பழங்களைக் கையில் எடுக்கும் இறுதிக் காட்சி அவ்விடைக்கு அருகே வருகிறது. ஆயினும் அவள் எதிரே நின்றவன் அவளை நேசிப்பவன். நேசிப்பவனைக் கொல்லாதிருப்பது அத்தனை அரிய அறமன்று.

இரண்டாவது கேள்வி பார்ப்பவரைப் பற்றியது. கொல்பவரைவிடக் கொலையைப் பார்த்து மகிழும் தலைநகரத்தாரையே இந்நூல் கடுமையாகச் சாடுகிறது. அப்படியானால் அடுத்து யார் சாவார் என்று பக்கத்தைப் புரட்டும் நாம் யார்?

இக்கேள்வி மிகப் பழமையானது. புனித அகுஸ்தீன் 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதத் தொடங்கிய தம் தன்வரலாற்றில் அலிப்பியுஸ் என்னும் நண்பரின் கதையைச் சொல்கிறார். உரோமையில் சட்டம் பயிலச் சென்ற அவ்விளைஞன் வாட்போர் அரங்கை வெறுத்தவன். நண்பர்கள் வலிந்து இழுத்துச் சென்றபொழுது, உடல் அங்கிருந்தாலும் கண்ணைத் திறக்க மாட்டேன் என்று அமர்ந்துகொண்டான். வீரன் ஒருவன் வீழ்ந்தபொழுது கூட்டம் எழுப்பிய பேரொலி கேட்டது. கண்ணைத் திறந்தான். அவ்வளவுதான், குருதியின் வெறி அவனைப் பற்றிக்கொண்டது. பின்னர் மற்றவர்களைத் தானே அழைத்துச் செல்பவனானான். அகுஸ்தீன் இதனைச் சொல்லும்பொழுது அரங்கத்துக் கொடுமையை வண்ணித்து எழுதவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வீரன் எங்ஙனம் வீழ்ந்தான் என்பது நமக்குத் தெரியாது. அலிப்பியுசின் கண்களை மட்டுமே நாம் பார்க்கிறோம்.

காலின்சோ அரங்கத்தையே நமக்குக் காட்டுகிறார். அதுவும் மிகத் திறமையாக. தொலைக்காட்சியில் சிறுவர் நிகழ்ச்சிகளுக்கு எழுதிப் பழகியவர் அவர். எவ்விடத்தில் நிறுத்தினால் பார்ப்பவன் எழுந்து போகமாட்டான் என்பதை அறிந்தவர். ஒவ்வோர் அதிகாரமும் ஓர் அபாயத்தின் விளிம்பில் முடிகிறது. நிகழ்காலத்தில், தன்மையிடத்தில் கதை ஓடுகிறது. புரவலர்களின் உதவியைப் பெறக் காட்னிஸ் படப்பெட்டியின் முன் காதல் நடிக்கிறாள். ஒரு முத்தத்திற்குக் கைம்மாறாக ஒரு பானைச் சூடான சாறு வானிலிருந்து இறங்குகிறது. சாவின் நடுவே காதலை வேடிக்கையாக்கி விற்கும் இழிவு இதில் நன்கு புலனாகிறது. ஆனால் நூல் வெளிவந்த பின் இளைய வாசகர் உலகம் எதனைப் பற்றி வாதிட்டது? அவள் பீட்டாவை மணப்பாளா, கேலை மணப்பாளா என்று. தலைநகரத்தார் கேட்ட கேள்வியே அது.

திரைப்படம் இக்குறையைப் பெருக்கியது. பிரிட்டனில் பன்னிரண்டு வயதினர் பார்ப்பதற்குரிய சான்று பெறுவதற்காகக் குருதி தெரிந்த 7 விநாடிகள் நீக்கவோ மறைக்கவோ பட்டன. சாவு இருக்கலாம், அதன் நிறம் தெரியக்கூடாது என்பது போலும் விதி. 2013இல் இரண்டாம் படம் வந்தபொழுது ஓர் அமெரிக்க ஒப்பனைப் பொருள் நிறுவனம் தலைநகரத்தின் பெயராலேயே முகப்பூச்சும் நகச்சாயமும் விற்றது. பிள்ளைகள் சாவதைப் பார்க்கத் தலைநகரத்துப் பெண்டிர் பூசிக்கொண்ட வண்ணங்களை, அக்கதையைப் படித்துக் கண்ணீர் விட்ட பெண்பிள்ளைகள் காசு கொடுத்து வாங்கினர். இதற்கு ஆசிரியர் பொறுப்பல்லர் என்பர். முழுப் பொறுப்பு இல்லைதான். எனினும் எளிதாக அங்காடிப் பொருளாகக் கூடியது எது என்பது ஒரு நூலின் உள்ளமைப்பைப் பற்றியும் சிறிது சொல்கிறது.

நியாயமாகப் பேசுவதெனில் மறுபக்கத்தையும் காட்ட வேண்டும். பார்ப்பவனுக்கு ஒரு வழியை இந்நூல் காட்டியிருக்கிறது; அது மிகத் தொடக்கத்திலேயே வருகிறது. தங்கைக்காகக் காட்னிஸ் முன்வந்ததும், மேடையில் நின்ற தலைநகரத்துப் பெண்மணி கூட்டத்தைக் கைதட்டச் சொல்கிறாள். ஒருவரும் தட்டவில்லை. அமைதி. பிறகு ஒருவர், இன்னொருவர், ஏறக்குறைய எல்லோருமே இடக்கையின் நடு மூன்று விரல்களை இதழில் வைத்து அவளை நோக்கி உயர்த்துகின்றனர். அவ்வட்டாரத்தில் சாவு வீடுகளில் காணப்படும் பழைய சைகை அது. அன்புக்குரியவரை வழியனுப்புவதற்கு உரியது. அந்த மக்களால் ஆட்டத்தை நிறுத்த முடியாது. தொலைக்காட்சியை அணைக்கவும் முடியாது. கைதட்ட மறுக்க முடிந்தது, மறுத்தார்கள்.

நமக்கு வடக்கே உள்ள தாய்லாந்தில் 2014 மே மாதம் படைத்துறை ஆட்சியைக் கைப்பற்றியபொழுது, எதிர்த்த இளைஞர்கள் இம்மூன்று விரல்களைத்தான் உயர்த்தினர். அவ்வாண்டு நவம்பரில் கோன் கேன் நகரில் தலைமை அமைச்சர் பிரயுத் பேசிக்கொண்டிருக்கையில் அவர் முன்னே எழுந்து நின்று விரலுயர்த்திய மாணவர் ஐவர் பிடித்துச் செல்லப்பட்டனர். பாங்காக்கில் திரையரங்கு நிறுவனம் ஒன்று அப்பொழுது வந்த மூன்றாம் படத்தின் காட்சிகளை நீக்கியது. 2021 பிப்ரவரியில் மியன்மாரில் படையினர் ஆட்சியைப் பறித்தபொழுது மருத்துவரும் மாணவரும் தெருவில் நின்று இதே சைகையைக் காட்டினர். அவர்கள் படத்தைப் பார்த்துப் பழகிய சைகை அது என்பதில் ஐயமில்லை. ஒப்பனைப் பொருளை வாங்கியவரும் சிறைக்குச் சென்றவரும் ஒரே கதையிலிருந்துதான் தத்தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டனர். இந்நூலை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கத் துணிபவர் கோன் கேன் மாணவர் ஐவருக்கும் மறுமொழி சொல்லக் கடமைப்பட்டவர்.

ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்டது கதையின் முன்வாயிலில் இருந்தது. அரங்கத்திற்குள்ளே கேட்கப்பட்ட கேள்வி அப்படியே கிடந்தது. அதற்கு விடை சொல்ல ஆசிரியர் 2010இல் வந்த மூன்றாம் தொகுதி வரை காத்திருந்தார். வியப்பு யாதெனின், ‘மாக்கிங்ஜே’ என்னும் அத்தொகுதியைத்தான் வாசகர் பலர் விரும்பவில்லை. நாயகி சோர்ந்து கிடக்கிறாள், வீரம் இல்லை, முடிவில் மகிழ்ச்சி இல்லை என்று முறையிட்டனர். எனக்கோ முதல் தொகுதி எழுதிக் கொடுத்த கடன்பத்திரத்தை மூன்றாம் தொகுதிதான் தீர்க்கிறது என்று தோன்றுகிறது.

இப்பொழுது நடப்பது உண்மைப் போர். தலைநகருக்குள் நுழையும் காட்னிஸ் ஒரு வீட்டுக்குள் ஏறுகிறாள். அங்கே ஆயுதமில்லாத பெண் ஒருத்தி. வட்டாரத்தாரைப் பற்றி அவள் என்ன நினைத்தாள் என்பதுகூட நமக்குத் தெரியாது. உதவிக்குக் கூவ அவள் வாயைத் திறக்கிறாள். காட்னிஸ் சற்றும் தயங்காமல் அவள் நெஞ்சில் அம்பெய்கிறாள். ஒரே வாக்கியம். அழுகை இல்லை, மலர் இல்லை, நற்சான்றிதழ் இல்லை. படிப்பவர் பலர் இவ்விடத்தை நினைவில் வைத்திருப்பதே இல்லை. ரூவுக்காகக் கலங்கிய கண்கள் இப்பெண்ணுக்காகக் கலங்குவதில்லை. அதுவே அக்காட்சியின் கடுமை.

பின்னர் வருவது இதனினும் கொடிது. தலைநகரத்துப் பிள்ளைகள் அதிபரின் மாளிகைக்கு முன்னே அடைத்து வைக்கப்பட்டிருக்கின்றனர். வானிலிருந்து வெள்ளிநிறக் குடைகள் இறங்குகின்றன. அரங்கத்தில் சாற்றையும் அப்பத்தையும் கொண்டுவந்த அதே குடைகள். பிள்ளைகள் கையை நீட்டி வாங்க, குண்டுகள் வெடிக்கின்றன. காயம்பட்டவர்களைக் காப்பாற்ற மருத்துவப் பணியாளர் ஓடி வருகின்றனர், மீண்டும் வெடிக்கின்றன. அவ்விரண்டாம் வெடிப்பில் சாகிறவர்களுள் ஒருத்தி பிரிம். யாரைக் காப்பதற்காக இக்கதையே தொடங்கிற்றோ அந்தத் தங்கை. இரக்கத்தையே தூண்டிலாக்கும் அத்தகைய பொறியை முன்பு வகுத்துக் கொடுத்தவர்களுள் கேலும் ஒருவன். அதனை வீசியது விடுதலைப் படைதான் என்று அறுதியிட்டுச் சொல்லாமல், ஆனால் நம்மை நம்பச் செய்து, ஆசிரியர் நிறுத்திக்கொள்கிறார்.

வென்றபின் புதிய தலைவி காயின் ஒரு யோசனை சொல்கிறாள். தலைநகரத்தாரின் பிள்ளைகளைக் கொண்டு கடைசியாக ஒரு விளையாட்டு நடத்தலாம் என்கிறாள். உயிரோடு எஞ்சிய பழைய வெற்றியாளர் எழுவர் வாக்களிக்கின்றனர். பீட்டா கூடாது என்கிறான். காட்னிஸ் வேண்டும் என்கிறாள். பிரிமின் பெயரால் வேண்டும் என்கிறாள். நால்வர் ஆதரவு, மூவர் எதிர்ப்பு, யோசனை நிறைவேறுகிறது. அன்றே பழைய கொடுங்கோலனைக் கொல்ல நிறுத்தப்பட்ட காட்னிஸ், அம்பைத் திருப்பிக் காயினை வீழ்த்துகிறாள். ஆகவே அந்த வாக்கு வெறும் பாசாங்கு, தலைவியை நம்பவைக்கும் தந்திரம் என்று வாசகர் பலர் விளக்கம் சொல்கின்றனர். அவ்விளக்கத்தை நூல் மறுக்கவுமில்லை, உறுதிப்படுத்தவுமில்லை. அவளைத் தூய்மைப்படுத்த வேண்டும் என்னும் ஆவலில் நாம் பிறப்பிக்கும் விளக்கமாகவும் அது இருக்கலாம். முதல் தொகுதியில் ஆசிரியர் எழுதிக் கொடுத்த நற்சான்றிதழை இப்பொழுது வாசகரே எழுதிக் கொடுக்கின்றனர். தங்கையை இழந்த பெண் ஒரு கணம் மெய்யாகவே பகைவரின் பிள்ளைகள் சாக வேண்டும் என்று விரும்பினாள் என்று கொண்டால் கதை கெட்டுவிடாது. அப்பொழுதுதான் அது உண்மையாகிறது.

ஆகவே முதல் தொகுதியை மட்டும் படித்து, அறக்கேள்வியை நேரே சந்தித்த நூல் என்று புகழ்வோர் தகுதிக்கு மேல் புகழ்கின்றனர். குலுக்கற் குடத்தைப் பற்றிய பக்கங்களுக்காகவும் கைதட்ட மறுத்த கூட்டத்துக்காகவும் அது நிற்கும். பள்ளிகளில் மாணவர் பெரும்பாலும் அத்தொகுதியோடு நின்றுவிடுகின்றனர், ஆசிரியர்களும் விட்டுவிடுகின்றனர். மூன்றாம் தொகுதியின் அந்த வாக்கெடுப்பை வகுப்பில் வைத்து, நீங்கள் எப்படி வாக்களிப்பீர்கள் என்று கேட்கும் ஆசிரியர் ஒருவரேனும் இருந்தால், அவ்வகுப்பில் ஒரு மூலையில் உட்கார்ந்து கேட்க எனக்கு ஆசையுண்டு.

தொடரின் கடைசிப் பக்கத்தில் காட்னிசுக்கு இரண்டு பிள்ளைகள். ஊருக்கு வெளியே ஒரு புல்வெளியில் அவர்கள் ஓடி விளையாடுகின்றனர். போரில் எரிந்துபோன ஊராரைப் புதைத்த இடம் அது. பிள்ளைகளுக்கு அது தெரியாது. பள்ளிக்கூடத்தில் சிறிதளவு சொல்லத் தொடங்கியிருக்கின்றனர். மிச்சத்தைத் தாய்தான் சொல்ல வேண்டும். தன் கையால் இறந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று அவள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.